மூன்றாவது சொட்டு

என் அக்காவை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சொட்டு சிஸ்டர்' என்றால்தான் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், தலை நரைக்கும் வரை அவள் நர்ஸாக இருந்தாள். மாதம் நிறையாமல், எடை இல்லாமல், மூச்சுக்குத் திணறிக்கொண்டு வந்து சேரும் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. பல குழந்தைகள் தேறி வீட்டுக்குப் போகும். சில குழந்தைகள் போகாது.

போகாது என்று தெரிந்துவிட்ட குழந்தைக்கு, பெற்றவர்கள் கேட்டுக்கொண்டால், அக்கா திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், கொடுப்பாள். கேட்காதவர்களின் குழந்தை பக்கம் அந்த எண்ணத்தோடு போகவே மாட்டாள். உயிர் போகிற அவசரத்தில் பங்குச் சாமியார் வந்து சேரும் வரை காத்திருக்க முடியாது. அப்படிப்பட்ட வேளையில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது எங்கள் சபையில் உள்ளதுதான். தேவைப்படுவது தண்ணீரும் மூன்று பெயர்களும். தந்தை, மகன், தூய ஆவியார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தடவை தண்ணீர்.

கோவிலில் ஊற்றுவதுபோல அங்கே ஊற்ற முடியாது. கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் கை நுழைக்க வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியே கையை விட்டு, ஊசி மாட்டாத சிரிஞ்சில் எடுத்த தண்ணீரை நெற்றியில் ஒவ்வொரு சொட்டாக விடுவாள். அதையும் வெதுவெதுப்பாக்கித்தான் விடுவாள். "பச்சத் தண்ணி பட்டா தூக்கிவாரிப் போடும்டி. அவங்க இங்க இருக்கப்போறதே கொஞ்ச நேரம், அதுல ஒரு அதிர்ச்சி எதுக்கு?" என்பாள். வார்டு டாக்டர் எந்தச் சாமியையும் கும்பிடாதவர். "என்ன சிஸ்டர், நான் எழுதாத மருந்து ஒண்ணு போடுறீங்க போல" என்று கிண்டல் செய்வாரே தவிர, ஒருநாளும் தடுத்ததில்லை.

நானும் அவளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை. அவளுக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. எனக்குக் கூடி வந்தது, நிலைக்கவில்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் கத்திக் கத்தி, வீட்டுக்கு வந்தாலும் என் குரல் இறங்காது. அவள் தூங்குகிற குழந்தைகளோடு காலம் தள்ளியவள், அலமாரிக் கதவைக்கூடச் சத்தமில்லாமல்தான் சாத்துவாள். நான் கத்துவேன், அவள் 'ஷ்ஷ்' என்பாள். கீழே டயர் கடைக்காரர், "மேல பெரியம்மா இருக்காங்களா இல்லையான்னே தெரியல, சின்னம்மா இருக்கிறது ஊருக்கே தெரியுது" என்பார்.

பக்தியிலும் அப்படித்தான். எனக்குப் பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் கடவுளோடு பேச உட்கார்ந்தால் எனக்கு அது சண்டையில்தான் போய் முடியும். அவளோ காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கதவருகே நின்று தந்தைக்கு நெற்றி, மகனுக்கு நெஞ்சு, தூய ஆவியாருக்குத் தோள்கள் என்று நிதானமாகச் சிலுவை வரைந்துகொள்வாள். பஸ்ஸுக்கு நேரமானாலும் அந்தக் கைக்கு மட்டும் அவசரம் வராது.

ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுப்பாள். மூவொரு கடவுளைப் பற்றிய பாடம் வந்துவிட்டால் மற்ற ஆசிரியர்கள் நைசாக அவள் தலையில் கட்டிவிடுவார்கள். மூன்று ஆள், ஆனால் ஒரே கடவுள் என்று சொல்லிவிட்டுப் பத்து வயதுப் பிள்ளைகளின் கேள்வியில் யார் மாட்டிக்கொள்வது? அவள் அந்தப் பாடத்துக்கு வாரம் முழுக்க யோசிப்பாள். பாத்திரம் துலக்கும்போதுகூட உதடு அசைந்துகொண்டிருக்கும்.

"எதுக்கு மண்டையப் போட்டு உடைக்கிற? பேசாம ஐஸ், தண்ணி, நீராவின்னு சொல்லிட்டு வந்துரு. எல்லாரும் அப்படித்தானே சொல்லித் தர்றாங்க" என்றேன் ஒருநாள்.

"அது தப்புடி. ஐஸா இருக்கிற தண்ணி அதே நேரத்துல நீராவியா இருக்காது. கடவுள் வேஷம் மாத்துற ஒரே ஆள் இல்ல. மகன் ஜெபம் பண்றப்ப அப்பா கேட்டுக்கிட்டு இருக்கார். அவங்களுக்குள்ள இருக்கிற அன்பும் வெறும் அன்பா நின்னுடல, அதுவும் ஒரு ஆளா இருக்கு. மூணு பேரும் ஒரே நேரத்துல, பிரிக்க முடியாம, ஒரே கடவுள்."

"சுத்தமாப் புரியல."

"எனக்கும்தான் முழுசாப் புரியல. ஆனா கடவுள் ஒருநாளும் தனியா இருந்ததில்லன்னு மட்டும் புரியுது. உலகத்தப் படைக்கிறதுக்கு முன்னாலயும் அவர் தனியா இல்ல. நேசிக்கிறதுக்கு ஆள் வேணும்னு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கல. எனக்கு அது போதும்."

அது அவளுக்கு ஏன் போதும் என்று எனக்குத் தெரியும். பெட்டிக்குள் தனியாகக் கிடக்கிற குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து, தனியாக இல்லாத ஒரு கடவுள் அவளுக்கு வேண்டியிருந்தது. வகுப்பில் பிள்ளைகளிடம் அவள் கடைசியாகச் சொல்வது ஒன்றுண்டு: "அவங்கள்ல ஒருத்தரக் கூப்பிட்டா போதும், மூணு பேரும் திரும்பிப் பாப்பாங்க." பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

அந்த மத்தியானத்தைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். நான் அங்கே இல்லை. அக்கா சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பேக்கரியில் வேலை செய்கிற ஒரு பெண், மாவு பிசைந்துகொண்டிருந்தவள், அப்படியே சரிந்து விழுந்துவிட்டாள். இரத்தப்போக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்து வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. வர வேண்டிய காலத்துக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டான். தாய் மயக்கத்தில் மேல் மாடியில் கிடந்தாள். குழந்தை கீழே பெட்டிக்குள் இருந்தான், தேறுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தகப்பன் பஸ் ஓட்டுகிறவர், சீருடையோடு ஓடி வந்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, "சிஸ்டர், அவ முழிச்சா மொதல்ல அதத்தான் கேப்பா. அத மட்டும் செஞ்சிருங்க" என்று கும்பிட்டார்.

அக்கா சிரிஞ்சில் தண்ணீர் எடுத்தாள். உள்ளங்கைக்குள் வைத்துச் சூடேற்றினாள். திறப்பின் வழியே கையை விட்டாள். 'தந்தை' என்று ஒரு சொட்டு. 'மகன்' என்று ஒரு சொட்டு. மூன்றாவது சொட்டு சிரிஞ்சின் முனையில் திரண்டு நின்றபோது, மானிட்டர் கத்தத் தொடங்கியது. குழந்தையின் இதயத் துடிப்பு அடங்கிக்கொண்டே வந்தது.

அப்படி ஒரு நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவர்களுக்கு ஒரு முறை உண்டு. பெட்டியைத் திறந்து ஒருவர் குழந்தையின் மார்பை இரண்டு கட்டைவிரல்களால் அமுக்க வேண்டும். இன்னொருவர் மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி சின்ன மாஸ்க்கை வைத்து, காற்றுப் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்க வேண்டும். மூன்று அமுக்கு, ஒரு மூச்சு. இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்துவிடக் கூடாது. அதனால் மார்பை அமுக்குகிறவர் வாய்விட்டு எண்ணியே ஆக வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு, மூச்சு." அந்தக் குரலைக் கேட்டுத்தான் மற்றவர் பையை அழுத்துவார். எண்ணுகிறவர் ஒரு நொடி தடுமாறினாலும் தாளம் போய்விடும்.

டாக்டர் பையை எடுத்தார். அக்காவின் கட்டைவிரல்கள் தாமாகவே குழந்தையின் மார்புக்குப் போயின. வாய் எண்ணத் தொடங்கியது. ஒண்ணு, ரெண்டு, மூணு, மூச்சு. டாக்டர் கையை எடுத்துவிட்டு, "போதும் சிஸ்டர்" என்று சொல்லும் வரை எண்ணிக்கொண்டே இருந்தாள். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் மூன்றாவது பெயரைச் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. உயிர் போன பிறகு சொல்ல முடியாது. உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் திருமுழுக்கு.

மறுநாள் தாயைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்தார்கள். துணியில் சுற்றிய குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, அவள் முதலில் கேட்டதும் தகப்பன் சொன்ன அதையேதான்.

"சிஸ்டர், செஞ்சீங்களா?"

பின்னால் நின்ற தகப்பன், "செஞ்சாங்க, நான் வெளிய நின்னு பாத்தேன்" என்றார். அக்கா தலையாட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அந்தப் பெண் அக்காவின் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்கு இது தெரிய வந்தது துணி துவைக்கும்போது. அவளுடைய சீருடைப் பையைத் துழாவினால் ஊசியில்லாத ஒரு சிரிஞ்சு, உள்ளே கொஞ்சம் தண்ணீர். "என்னக்கா, வார்டுச் சாமானெல்லாம் வீட்டுக்குக் கடத்திக்கிட்டு வர்றியா?" என்று நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே குப்பையில் போடப் போனேன். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எல்லாம் கேட்டு முடித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். "ஒரு பேருதானேக்கா, சொல்லிட்டு எண்ணியிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"கை தானா நெஞ்சுக்குப் போயிருச்சுடி. கை போனா வாயும் கூடப் போயிரும். அப்படித்தான் எங்களப் பழக்கி வெச்சிருக்காங்க."

"சரி, நீதானே வகுப்புல சொல்லுவ? ஒருத்தரக் கூப்பிட்டா மூணு பேரும் திரும்பிப் பாப்பாங்கன்னு. நீ ரெண்டு பேரக் கூப்பிட்டிருக்க. அப்புறம் என்ன?"

"வகுப்புல சொல்றது வேற. அந்தப் பிள்ளையோட உயிர் போறப்ப என் வாய் மூணுன்னு எண்ணிக்கிட்டு இருந்துச்சுடி. மூணு மூணுன்னு எத்தன தடவ சொன்னேன். அந்தப் பேர மட்டும் ஒரு தடவகூடச் சொல்லல."

சிரிஞ்சிலிருந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. மாடியில் இருக்கிற பூச்செடித் தொட்டியின் மண்ணில் ஊற்றிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் வேறு நர்ஸைக் கைகாட்டினாள். மறைக்கல்வி வகுப்பையும் விட்டுவிட்டாள். 'சொட்டு சிஸ்டர்' என்ற பெயர் மட்டும் போகவில்லை, புதிதாக வந்தவர்கள் ஏன் அந்தப் பெயர் என்று தெரியாமலே அப்படிக் கூப்பிட்டார்கள். காலையில் கதவருகே நின்று சிலுவை வரைவாள், கை நெற்றிக்குப் போகும், நெஞ்சுக்கு வரும், அங்கேயே நின்றுவிடும். தோளுக்குப் போகாது. தொங்கிவிடும். பார்த்துக்கொண்டே இருக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் மேல் இல்லை, கடவுள் மேல். மூன்று பேர் இருந்து என்ன பிரயோஜனம்? அந்த மத்தியானம் ஒருத்தருக்காவது அந்த வார்டுப் பக்கம் எட்டிப்பார்க்க நேரமில்லையா? நான் அதை வாய்விட்டே கேட்டேன். பதில் வரவில்லை. எனக்கு வந்ததே இல்லை.

நான்தான் அவளைப் பங்குச் சாமியாரிடம் இழுத்துக்கொண்டு போனேன். நல்ல மனிதர். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"தண்ணியும் வார்த்தையும் நமக்குக் குடுத்த வழிம்மா. கடவுள் உள்ள வர்றதுக்கு வாசல் அது ஒண்ணுதான்னு இல்ல. கொடுக்கணும்னு உங்க மனசுல இருந்துச்சு, பெத்தவங்க மனசுல இருந்துச்சு. இன்னொண்ணும் சொல்றேன். நமக்குச் சொல்ல வார்த்தை இல்லாமப் போற எடத்துல, நமக்காக உள்ள இருந்து பெருமூச்சு விட்டு மன்றாடுறது அந்த மூணாவது ஆள்தானே?"

"எனக்கு வார்த்தை இல்லாமப் போகல ஃபாதர். வேற வார்த்தை இருந்துச்சு" என்றாள் அக்கா.

அந்தத் தாயிடம் சொல்ல வேண்டுமா என்று அவள் கேட்டதற்கு, "சொல்லுங்கன்னும் சொல்ல முடியல, சொல்லாதீங்கன்னும் சொல்ல முடியல" என்றார். வெளியே வந்ததும், இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா என்று நான் முணுமுணுத்தேன். 'ஷ்ஷ்' என்றாள். ஆனால் அவரைக் குறை சொல்லி என்ன? அவரிடமும் இல்லாததை அவர் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்?

இது இவ்வளவோடு போயிருந்தால் அக்கா எப்படியாவது தாங்கியிருப்பாள். ஆனால் அந்த பேக்கரிப் பெண் விடவில்லை. ஒவ்வொரு வருடமும், குழந்தை பிறந்து இறந்த அந்த நாளில், எங்கள் மாடிப்படி ஏறி வந்துவிடுவாள். அவளே சுட்ட ஒரு முழு ரொட்டி, அடுப்புச் சூடு ஆறாமல், துணியில் சுற்றிக் கையில் இருக்கும். அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து, "நீங்க இல்லன்னா நான் பைத்தியமாயிருப்பேன் சிஸ்டர். அவன் வெறுங்கையோட போகல, மூணு பேரும் கூடப் போனாங்கன்னு நெனச்சுத்தான் தூங்குறேன்" என்பாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டே சுவரைப் பார்ப்பாள். அந்த ரொட்டி அக்காவின் தொண்டையில் ஒரு துணுக்குக்கூட இறங்கியதில்லை. அவ்வளவையும் நான்தான் தின்று தீர்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நல்ல ரொட்டி.

அக்கா ஓய்வு பெற்ற பிறகும் அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். போன மாதம் அந்த நாளும் இல்லை, ஒன்றுமில்லை, ஒரு சாயங்காலம் திடீரென்று வந்து நின்றாள். ஒரு கையில் ரொட்டி. இன்னொரு கையில் குழந்தை. பெண் குழந்தை, மாதம் நிறைந்து பிறந்தது, கன்னம் இரண்டும் பொங்கிய மாவு மாதிரி. கர்ப்பமாக இருந்ததைக்கூடப் பயத்தில் யாரிடமும் சொல்லவில்லையாம். எங்களிடமும்தான்.

குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சிஸ்டர், வர்ற ஞாயித்துக்கிழமை இவளுக்குத் திருமுழுக்கு. ஞானத்தாயா நீங்கதான் நிக்கணும்."

அக்காவின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். ஞானத்தாய் என்றால் குழந்தையை ஏந்திக்கொண்டு முன்னால் நிற்க வேண்டும். தந்தையை நம்புகிறீர்களா, மகனை நம்புகிறீர்களா, தூய ஆவியாரை நம்புகிறீர்களா என்று சாமியார் ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் 'நம்புகிறேன்' என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்.

"எனக்கு வயசாயிருச்சும்மா. நின்னா கால் வலிக்குது. உன் தங்கச்சி யாரையாவது…"

"தூக்கிக்கிட்டாவது போவேன் சிஸ்டர். மொதப் பிள்ளைக்குத் தண்ணி விட்ட கைதான் இவளையும் ஏந்தணும். அவர்கிட்டயும் சொல்லிட்டேன். வேற யாரும் வேணாம்."

"இல்லம்மா."

"ஏன்? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

அந்தக் கேள்விதான் அக்காவை உடைத்தது. தன் மேல் தப்பு இருக்கும்போது அந்தப் பெண் தன்னையே கேட்டுக்கொள்கிறாளே என்று அவளால் தாங்க முடியவில்லை. நான் கண்ணால் ஜாடை காட்டினேன், வேண்டாம், சொல்லாதே என்று. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"உன் பையனுக்கு நான் முழுசாச் செய்யலம்மா" என்றாள். "தந்தை, மகன், ரெண்டு பேருதான் சொன்னேன். ரெண்டு சொட்டுதான் விட்டேன். அதுக்குள்ள அவன் நெஞ்சு நின்னுபோச்சு. மூணாவது பேர நான் சொல்லல."

கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண், "அப்போ என் பிள்ள…" என்று ஆரம்பித்தாள்.

நான் குறுக்கே விழுந்தேன். "அப்படியெல்லாம் இல்லம்மா, ஃபாதரே சொல்லிட்டார், மனசுல இருந்தாலே போதுமாம், கடவுளுக்கு வாசல் அது ஒண்ணுதான்னு…"

"நீங்க சும்மா இருங்க" என்றாள். என் வாழ்க்கையில் ஒருத்தி சொல்லி நான் வாயை மூடியது அப்போதுதான்.

"இப்ப எதுக்குச் சொன்னீங்க?" என்று அக்காவிடம் கேட்டாள். "இத்தன வருஷம் சொல்லாம இருந்தீங்கல்ல? அப்படியே இருந்திருக்கலாம்ல? அது ஒண்ணத்தானே நான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அதையும் ஏன் பிடுங்குனீங்க?"

"அங்க வந்து உன் பக்கத்துல நின்னுக்கிட்டு, நம்புறேன்னு சொல்ல எனக்கு வாய் வராதும்மா. வாய் வந்தாலும் அது பொய்யா இருக்கும். ஒரு தடவ தலையாட்டிட்டு இவ்வளவு வருஷம் பட்டது போதும்."

அந்தப் பெண் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், இனி இந்தப் படி ஏறமாட்டாள் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் யார் அவளைக் குறை சொல்ல முடியும்? அக்கா இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் அந்தப் பெண் திரும்பாமலே கேட்டாள். "மூணாவது பேரச் சொல்லல. சரி. அந்த நேரத்துல என்ன சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"எண்ணிக்கிட்டு இருந்தேன்மா."

"என்னத்த எண்ணுனீங்க?"

அக்கா சொன்னாள். கட்டைவிரல், மார்பு, காற்றுப் பை, மூன்று அமுக்கு, ஒரு மூச்சு, வாய்விட்டு எண்ணியே ஆக வேண்டும் என்பது எல்லாம். அந்தப் பெண் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"காட்டுங்க."

அக்கா தலையணையைத் தேடினாள். அந்தப் பெண் தன் முன்கையை நீட்டினாள். "இதுல காட்டுங்க."

அக்கா இரண்டு கையாலும் அந்தக் கையைச் சுற்றிப் பிடித்தாள். மாவு பிசைந்து உரமேறிய கை. கட்டைவிரல் இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்து அமுக்கினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, மூச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, மூச்சு." அவளுடைய வார்டுக் குரல் அது, நான் கேட்டதே இல்லை. தாழ்ந்த குரல்தான், ஆனால் துளியும் பிசகாத குரல். அந்தப் பெண் ஒவ்வொரு 'மூச்சு'க்கும் தன்னை அறியாமல் மூச்சை இழுத்தாள். பார்த்துக்கொண்டிருந்த நானும் இழுத்தேன்.

"எவ்வளவு நேரம் இப்படி?"

"டாக்டர் போதும்னு சொல்ற வரைக்கும். சொன்னதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். அவர்தான் என் கையப் பிடிச்சு நிறுத்துனார்."

என்னிடம் இதை அவள் சொன்னதில்லை.

அந்தப் பெண் தன் கையை உருவிக்கொள்ளவில்லை. "வெதுவெதுன்னு இருந்தானா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"இருந்தான்மா. கடைசி வரைக்கும் இருந்தான்."

"எங்கிட்ட குடுத்தப்ப சில்லுனு இருந்தான்."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, கோபமும் அழுகையும் கலந்து, அவள் முதுகில் ஒன்றிரண்டு அடிகூட வைத்தாள். அக்கா வாங்கிக்கொண்டாள்.

"உங்க மேல எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது" என்றாள். "ஆனா அவன உசுரோட தொட்டது நீங்க ஒருத்தர்தான். நான்கூடத் தொடல. உங்கள விட்டா நான் யார்கிட்ட போவேன்?"

குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது. தூக்கிக்கொண்டு கிளம்பினாள். படியிறங்குமுன் நின்று, "ஞாயித்துக்கிழமை வந்துருங்க. சொல்ல வாய் வரலன்னா சும்மா நில்லுங்க" என்றாள். ரொட்டி மேஜை மேலேயே இருந்தது. அன்றைக்கு நானும் அதைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அக்கா குழந்தையை ஏந்திக்கொண்டு முன்னால் நின்றாள். பக்கத்தில் தாய், தகப்பன். நான் பின்னால். சாமியார் தந்தையைப் பற்றிக் கேட்டார். தகப்பனின் குரல் கேட்டது, 'நம்புகிறேன்' என்று. மகனைப் பற்றிக் கேட்டார். மறுபடி அவர் குரல்தான். பாவம், அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. மனைவி அவரிடம் சொல்லவில்லை. மூன்றாவதாகத் தூய ஆவியாரை நம்புகிறீர்களா என்று கேட்டபோது, மனைவி தேம்புவதைப் பார்த்து அவரும் திரும்பிவிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அக்காவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கோவிலே காத்துக்கொண்டிருந்தது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "நம்புகிறேன்!" என்று கத்திவிட்டேன். லென்ஸ் மெஷினுக்கு மேலே கத்துகிற அதே குரல். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். கடவுளோடு என் சண்டை தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அவர்கள் இருவருக்கும் முடியவில்லை, நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

சாமியார் தண்ணீரை எடுத்தார். 'தந்தை' என்று ஒரு தடவை ஊற்றினார். அக்காவின் உதடு அசைந்தது. 'மகன்' என்று இரண்டாம் தடவை. அப்போதும் அசைந்தது. எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'தூய ஆவியாரின் பெயராலே' என்று மூன்றாம் தடவை ஊற்றியதும், குழந்தைக்குத் தண்ணீர் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். வாயைப் பெரிதாகத் திறந்தது. முகம் சிவந்தது. மூச்சு அப்படியே நின்றது. எல்லாக் குழந்தைகளும் அழுவதற்கு முன் செய்வதுதான். அக்கா கல்லாகிப் போனாள். தாய் அவள் கையை இறுகப் பிடித்தாள்.

"மூச்சு" என்றாள் அக்கா. "மூச்சு" என்றாள் தாய்.

குழந்தை வீரிட்டு அழுதது. கோவிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள், குரல் நல்ல கனமாக இருக்கிறதே என்று. அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு, வராமல் போன இன்னொரு அழுகைக்காக, விட்டு விட்டு அழுதுகொண்டிருந்தார்கள். நான் போய் இருவர் முதுகிலும் கை வைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.